மலையிலிருந்து இறங்கும் பாய்மரம்

அன்புள்ள தம்பிக்கு,

உமது படங்கள் கிடைத்தன. கெலிஓயா வீட்டு முற்றத்தில், பாக்கு மரங்களுக்கு நடுவே, காற்றடைத்த பாய்ப்படகு ஒன்று பளபளவென்று நிற்கிறது. இரண்டு கேள்விகள் கேட்டிருந்தீர். இதை வீட்டுக்குப் பின்னால் ஓடும் மகாவலியில் இறக்கலாமா? படகு வைத்திருப்பவர்களிடம் கொண்டுபோய்ப் பொழுதுபோக்குத் தொழிலாக்கலாமா? முதலாவதற்கு ஒரே சொல்லில் பதில்: வேண்டாம். இரண்டாவது யோசிக்க வேண்டிய விஷயம். வேறு சிலரும் இதே கேள்விகளோடு வருவதால் எல்லோரும் வாசிக்கும்படியே எழுதுகிறேன்.

மகாவலி ஏன் வேண்டாம் என்பதை முதலில் முடித்துவிடுவோம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு கம்பளைப் பக்கம் ஆறு என்ன செய்தது என்பதை உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் நான் அஞ்சுவது வெள்ளத்துக்கு மட்டுமல்ல. கொத்மலை நீர்த்தேக்கத்தின் தண்ணீர் சுரங்கம் வழியாக நிலத்தடி மின்நிலையத்துக்குப் போய், கம்பளைக்கு மேலே மகாவலியில் வந்து விழுகிறது. மின்சாரத் தேவை ஏறும் நேரத்தில், வானத்தில் ஒரு மேகமும் இல்லாத நாளிலும், ஆறு ஏறலாம். அதோடு ஆற்றுப் பள்ளத்தில் காற்று நிலையாக வீசாது. மரங்களைத் தாண்டி இடைக்கிடை வந்து விழும். ஓடுகிற தண்ணீரும் நிற்கிற காற்றும் சேர்ந்த இடத்தில் பாய்ப்படகு மிதக்கிற சாமான்தான். ஓடும் தண்ணீரில் காற்றடைத்த படகைப் பார்க்க ஆசையென்றால் கித்துள்கலைக்குப் போய்க் களனி கங்கையில் பாரும். அது துடுப்பு வேலை, வேறு கலை.

உமது படகின் பெருமை, அது உமது ஊரில் தங்கியிருக்க வேண்டியதில்லை என்பதுதான். பிரான்சில் மரியோன் எக்ஸ்கொஃபோன் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய தீவால் படகு 2013 அளவில் சந்தைக்கு வந்தபோது, பாய்மரக்காரர்கள் புருவம் உயர்த்தியதும் அதற்காகத்தான். 3.2 மீற்றர் படகு, சுமார் 50 கிலோ, இரண்டு பைகள், பூட்டி முடிக்க இருபது நிமிடம் போலாகும். செக் நாட்டு மினிகட், ஒல்லாந்தின் டிங்கிகோ என்று இன்னும் சில உண்டு. இவற்றில் சிலவற்றின் அடிப்பாகம் சாதாரண றப்பர் குழாய் அல்ல. மேல்துணியையும் கீழ்த்துணியையும் ஆயிரக்கணக்கான நூல்களால் உள்ளே பிணைத்திருப்பார்கள். காற்று ஏற ஏற அது உப்பாமல் பலகைபோல் விறைக்கும். உமது படத்தில் படகின் தரை நேராக நிற்பதைப் பார்த்தால் உம்முடையதும் அந்த இனம் போலத் தெரிகிறது.

இதை நான் இழுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. படகுக்காரர் ஒருவர் உம்மிடம், "என்னிடம் றப்பர் போட் இருக்கிறது, ஒரு பாயைக் கட்டினால் அதுவும் இதுதானே" என்று கேட்கத்தான் போகிறார். இல்லை. 1952இல் அலன் பொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் நாலரை மீற்றருக்குச் சற்றே கூடிய காற்றடைத்த படகில் சின்னப் பாய் ஒன்றைக் கட்டி, லாஸ் பல்மாஸிலிருந்து பார்படோஸ் வரை 65 நாளில் அத்திலாந்திக்கைக் கடந்தார். அவர் போக நினைத்த திசையிலேயே காற்றும் வீசியது, அதனால் முடிந்தது. உமது விருந்தாளிக்கு அது போதாது. அரை மணியில் புறப்பட்ட இடத்துக்கே அவர் திரும்பி வர வேண்டும். அதற்குக் காற்றை எதிர்த்து ஏறத் தெரிந்த படகு வேண்டும்: தண்ணீருக்குள் ஆழ இறங்கும் பலகை, ஒழுங்கான சுக்கான், உருக்குலையாத பாய். இவை மூன்றும் இல்லாத குழாய்ப்படகு பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகும்.

இனித் தொழிலுக்கு வருகிறேன். உமக்கு ஏற்ற இடம் திருகோணமலை. மே தொடங்கி செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிக் கடல் பொதுவாகத் தட்டையாய்க் கிடக்கும். புறாமலைக்கும் திமிங்கிலம் பார்க்கவும் ஆட்களை ஏற்றும் எஞ்சின் படகுகள் வரிசையாக நிற்கும். ஆட்கள் நீந்திக்கொண்டிருக்கும்போது படகோட்டி ஃபோனைப் பார்த்துக்கொண்டு இருப்பார். பாய்ப்படகை விரிக்க உகந்த நேரம் அது. எஞ்சின் படகு சும்மா நங்கூரத்தில் நிற்கிறது, ஆட்களுக்கு அலுப்புத் தட்டத் தொடங்குகிறது, எரிபொருள் ஒரு சொட்டும் செலவாகாமல் அவர்களைக் கடலில் ஓடவிட முடிகிறது. படகுக்காரருக்கு இலாபம் இதில்தான். (புறாமலை தேசியப் பூங்கா. அங்கே பவளப்பாறைக்கு மேல் பலகையை இறக்கி ஓட்டுகிற வேலையே வேண்டாம். கடற்படையின் துறைமுக எல்லைக்குள்ளும் போகாதேயும்.)

ஆனால் அந்த மாதங்களில்தான் கச்சானும் வீசும். தரையிலிருந்து கடலை நோக்கி, சூடாக, வறட்சியாக. கரையில் நிற்பவருக்குக் கடல் குளம்போலத் தெரியும். காற்று தரையைத் தாண்டித்தானே வருகிறது, கரையோரத்தில் அலை எழும்ப இடமில்லை. கொஞ்சம் தூரம் போனதும் அதே காற்று பாயைப் பிடித்து வங்காள விரிகுடாவுக்குள் தள்ளும். கனமில்லாத படகு, பக்கமெல்லாம் காற்றுப் பிடிக்கும் உடம்பு. கைவிட்டால் பந்துபோல் உருண்டோடும். ஆகவே படகுக்காரரோடு பேசும்போது முதலில் பேச வேண்டியது கூலி அல்ல, அவர் எங்கே நங்கூரம் போடப் போகிறார் என்பது. கச்சான் வீசும் நாளில் எஞ்சின் படகு உமக்குக் கடல் பக்கமாக நிற்க வேண்டும். நீர் அதற்கும் கரைக்கும் நடுவில் ஓட வேண்டும். பாய் கிழிந்தாலும் சுக்கான் கழன்றாலும் ஆள் பயந்து கையை விட்டாலும் காற்றே உம்மை எஞ்சின் படகிடம் கொண்டுவந்து சேர்க்கும். பின்னேரம் கடற்காற்றுக்கு மாறினால் கணக்கு தலைகீழாகும், அவரை நங்கூரம் தூக்கி இடம் மாறச் சொல்லும். முணுமுணுப்பார். மாறத்தான் வேண்டும். மாட்டேன் என்கிறவரோடு தொழில் வேண்டாம்.

இந்தக் காரணத்தாலேயே, தனியாகக் கரையில் கொட்டில் போட்டு வாடகைக்கு விடுவதைவிட, எஞ்சின் படகு வைத்திருப்பவரோடு சேர்வது மேல் என்கிறேன். உம்மிடம் இல்லாத மீட்புப் படகு அவரிடம் இருக்கிறது.

கிழக்குக் கரையில் இன்னொரு நன்மை. பாயைக் கட்டி ஓடிய தலைமுறை இன்னும் முழுக்கப் போய்விடவில்லை. வடக்கே வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் வரை பாய் விரித்துப் போன கதையை மேடையில் பேசுகிறவர்கள் நிறைய. பாயை ஒரு முழம் இழுப்பதா தளர்த்துவதா என்று சொல்லக் கூடியவர்கள் கரையில் வலை பொத்திக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் இருந்து கேளும். உமது பாய் வேறு மாதிரி என்று சிரிப்பார்கள், ஆனால் மத்தியானத்துக்குப் பிறகு காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லிவிடுவார்கள்.

படகைக் கையாள்வது பற்றி இரண்டொரு விஷயம். பாரமான மரப்படகு திரும்பும்போது தன் வேகத்திலேயே அணியத்தைக் காற்றுக்குக் குறுக்கே கொண்டுபோய்விடும். உம்முடையதற்கு அந்த உந்தம் இல்லை. சுக்கானைப் படக்கென்று தள்ளினால் நடுக்காற்றில் அசையாமல் நின்று, பின்னோக்கி வழுக்கும். திரும்புமுன் பாயைச் சற்றுத் தளர்த்தி வேகம் சேர்த்துக்கொள்ளும், பிறகு சுக்கானை மெதுவாக அழுத்தும், உடம்பை மறுபக்கம் மாற்றுவதை அவசரப்படுத்தாதேயும். கவிழ்ந்தால் ஒரே ஆள் நிமிர்த்திவிடலாம், இலேசான படகின் வரம் அது. கவிழும்போது படகின் கயிற்றை மட்டும் விடக்கூடாது. உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஒருவரையும் ஏற்ற வேண்டாம், சொந்த மச்சானாக இருந்தாலும்.

காற்றழுத்தமானி இல்லாமல் பம்பைத் தொடாதேயும். காலைக் குளிரில் 24 பாகையில் 10 பி.எஸ்.ஐ. ஏற்றிய படகு, நிலாவெளி மணலில் 44 பாகைக்குச் சூடேறினால் உள்ளே அழுத்தம் 11.5ஐத் தாண்டும். முதலில் விடுவது தையலும் ஒட்டும்தான். எனவே வெயிலில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகும்போது கொஞ்சம் காற்றை இறக்கும். நுவரெலியா கிரகரி வாவியில் நேர்மாறு: கரையில் கணக்காக ஏற்றியது, குளிர்ந்த தண்ணீரில் இறக்கிய பத்து நிமிடத்தில் தொய்ந்துவிடும். ஓட்டை என்று பயந்து தேடாமல் மறுபடி ஏற்றும். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவி, மடிப்புகளுக்குள் ஈரமில்லாமல் உலர்த்தித்தான் பையில் வைக்க வேண்டும். கெலிஓயா மழைக்காலத்தில் இது இலேசல்ல என்று எனக்குத் தெரியும். விறாந்தையில் கட்டித் தொங்கவிடும். சாமான் அறையில் போட்டால் எலி கடிக்கும், எலிக்கு அது எந்த நாட்டுச் சரக்கு என்ற மரியாதை கிடையாது.

பழகுவதற்கு எங்கே போவது? பக்கத்திலே விக்டோரியா நீர்த்தேக்கம் இருக்கிறதே என்பீர். 1985இல் திறக்கப்பட்ட 122 மீற்றர் அணை எழும்பியபோது பழைய தெல்தெனிய நகரம் அதற்குள் மூழ்கியது. நீர்மட்டம் இறங்கும் மாதங்களில் அந்தக் கட்டடங்கள் தலைகாட்டும். இன்னும் கொஞ்சம் ஏறினால் கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் நிற்கும். உமது பலகைக்கும் றப்பருக்கும் அது ஆகாது. அனுமதியும் கேட்க வேண்டும். மலையைத் தாண்டி விழும் காற்று அங்கே அடித்து அடித்து வரும், பழகுபவருக்கு உகந்ததல்ல. முதலில் கொழும்புப் பக்கம் இறங்கும். மொரட்டுவையின் பொல்கொட வாவியில் சிலோன் மோட்டார் யொட் கிளப் இருக்கிறது. பாய் ஓட்டுகிறவர்களைப் பார்த்துப் பழகலாம். கெலிஓயாவில் இரண்டு பைகளோடு வண்டி ஏறினால் படகு வந்துவிடுகிறது. வேறு எந்தப் பாய்ப்படகுக்காரருக்கு இந்த வசதி?

ஏப்ரல் முடிவதற்குள் உப்புவெளிக்கு ஒருமுறை வந்து இரண்டு மூன்று படகுக்காரரைச் சந்தியும். படகைக் கொண்டுவர வேண்டாம், முதலில் ஆட்களைப் பாரும். யார் தன் நங்கூரக் கயிறு எத்தனை பாகம் என்று யோசிக்காமல் சொல்கிறாரோ அவரிடம் மேலே பேசும்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து ஓர் அண்ணன்