உளவியலாளராக ஆசைப்படும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

சித்தப்பா எழுதுவது. உயர்தரம் முடிந்த கையோடு சைக்காலஜிஸ்ட் ஆக என்ன படிக்கணும் என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. ஆறுதலாக வாசி, அம்மாவுக்கும் வாசித்துக் காட்டு.

நம்ம ஊர் பசறையில் நாம் எல்லாரையும் "மனசு டொக்டர்" என்று ஒரே பேரில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது மூன்று தொழில். மனநல மருத்துவர் டொக்டருக்குப் படித்தவர்: ஐந்து வருட எம்.பி.பி.எஸ்., ஒரு வருட உள்ளகப் பயிற்சி, அதற்குப் பிறகு மனநலத்தில் எம்.டி. மருந்து எழுதுவது அவர் வேலை. மருத்துவ உளவியலாளர் மருந்து எழுதமாட்டார். பேசியும் சோதனைகள் வைத்தும் சிக்கலைக் கண்டுபிடித்து, கிழமைக் கணக்கில் கூட இருந்து சிகிச்சை செய்வார். மூன்றாமவர் உளவளத்துணையாளர். பிரதேச செயலகத்திலும் பாடசாலையிலும் நீ பார்ப்பது பெரும்பாலும் இவரைத்தான். முதல் வழிக்கு உயர்தரத்தில் உயிரியல் வேண்டும். நீ கலைப்பிரிவு, ஆகவே மற்ற இரண்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இனி சட்டம். அமெரிக்காவில் உளவியலாளருக்கு ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக உரிமம் கொடுக்கும். பெரும்பாலான மாநிலங்களில் கலாநிதிப் பட்டம், மூத்தவர் மேற்பார்வையில் பயிற்சி, பரீட்சை என்று மூன்றையும் தாண்டாமல் உளவியலாளர் என்று பேர் போட்டுக்கொள்ள முடியாது. பிரித்தானியாவில் 2009 இலிருந்து மருத்துவ உளவியலாளர் என்ற பட்டப்பேருக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. இந்தியாவில் மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவேடு இருக்கிறது. அதற்கான சட்டம் 1992 இல் வந்தது.

நம் நாட்டில் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இலங்கை மருத்துவ சபை டொக்டர்மாரைப் பதிவு செய்வதோடு மருத்துவ உளவியலாளரையும் பதிவு செய்கிறது. அந்தப் பதிவுக்கு முதற்பட்டம் போதாது. மருத்துவ உளவியலில் பட்டப்பின் படிப்பும், மேற்பார்வையோடு நோயாளிகளைப் பார்த்த பயிற்சியும் கேட்பார்கள். ஆனால் "உளவளத்துணையாளர்" என்று போர்டு மாட்டுவதற்கு அப்படியொரு சட்டப் பதிவு இல்லை. சங்கங்கள் இருக்கின்றன, ஒழுக்கக்கோவையும் வைத்திருக்கின்றன. சங்கத்தில் சேராதவரை அது கட்டுப்படுத்தாது. ஆறு மாத டிப்ளோமா முடித்த ஒருவர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் அறை எடுத்துக் காசு வாங்கினாலும் கேட்க ஆளில்லை. யாராவது தன்னை உளவியலாளர் என்றால், "எங்கே பதிவு?" என்று கேட்டுப் பழகு.

படிப்புப் பாதை இப்படிப் போகும். உள்ளூர் உயர்தரத்தில் உளவியல் ஒரு பாடமாக இல்லை, அதனால் படிக்காமல் விட்டோமே என்று கவலைப்படாதே. அளவையியல் எடுத்திருக்கிறாய் அல்லவா, அது கைகொடுக்கும். பேராதனைக் கலைப்பீடத்தில் உளவியல் சிறப்புக் கற்கை இருக்கிறது, நான்கு வருடம். பீடத்துக்குள் போனால் மட்டும் கிடைத்துவிடாது. முதல் வருடப் பெறுபேற்றைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். திறந்த பல்கலைக்கழகத்திலும் உளவியல் பட்டம் இருக்கிறது. அதன் நிலையம் ஒன்று பதுளையிலேயே இருப்பதால் விசாரிக்கக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. பட்டத்துக்குப் பிறகு மருத்துவ உளவியலில் எம்.பில். கொழும்புப் பல்கலைக்கழகம் அதை நடத்துகிறது. விரிவுரை, ஆஸ்பத்திரிப் பயிற்சி, ஆய்வு எல்லாம் சேர்ந்தது. எடுக்கப்படும் ஆட்கள் கொஞ்சம், போட்டி அதிகம். மொத்தத்தில் ஏழெட்டு வருடமாவது ஆகும் என்று மனதில் வை. இடையில் ஆசிரியராகவோ உளவளத்துணை உத்தியோகத்தராகவோ சம்பளம் எடுத்துக்கொண்டு மேலே படித்தாலும் குறைவில்லை.

தனியார் நிறுவனங்கள் வெளிநாட்டுப் பட்டம் தருவதாக விளம்பரம் போடும். நல்லவையும் உண்டு. ஆனாலும் அம்மாவின் நகையை அடகு வைப்பதற்கு முன்னால் இரண்டு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கு. இந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா? இதை வைத்துப் பின்னால் மருத்துவ சபையில் பதிய வழி இருக்கிறதா? வாயால் சொல்லும் "ஓம்" செல்லாது.

நம் பக்கத்துக்கு இந்தத் தொழில் ஏன் வேண்டும் என்று நான் சொல்லித்தான் உனக்குத் தெரிய வேண்டுமா? 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் திரும்பி வர வீடு இல்லை. 2021 மார்ச்சில் நம்ம பசறை 13 ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்தது. இப்படி ஒன்று நடந்தால் அரிசியும் பாயும் அந்தக் கிழமையே வந்து சேரும். ராத்திரி மழைச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்காரும் பிள்ளையோடு ஒரு வருடம் பேச யார் வருவார்?

ஒரு கிளினிக்கில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கொழுந்தெடுக்கிற பெண் ஒருத்தி, நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்குது, கைகால் ஓய்ஞ்சு போகுது என்றாள். டொக்டருக்குத் தமிழ் தெரியாது. கூட வந்த புருஷன்தான் சிங்களத்தில் எடுத்துச் சொன்னான். "வீட்டில் ஏதும் பிரச்சினையா?" என்று டொக்டர் கேட்டார். அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். "ஒன்றுமில்லை" என்று அவனே பதில் சொன்னான். மருந்துத் துண்டோடு இருவரும் போய்விட்டார்கள். டொக்டர் கெட்டவரில்லை, வெளியே வரிசையும் நீளம். ஆனால் அந்தப் பெண் என்ன சொல்ல வந்தாள் என்பது அந்த அறையில் யாருக்கும் தெரியாது. அவளிடம் தனியாக, அவள் பேச்சிலேயே பேசக்கூடிய, முறையாகப் படித்த ஒருத்தி வேண்டும். அந்த இடத்துக்குத்தான் நீ வரவேண்டும்.

அதற்கு இப்போதே செய்யக்கூடியவை சில. இங்கிலிஷை விடாதே, மேற்படிப்பு முழுக்க அதில்தான். சிங்களம் பேசப் பழகு. வார்டில் தாதிமாரோடும் டொக்டர்மாரோடும் வேலை செய்ய வேண்டும். கணக்கு வேண்டாம் என்று ஓடாதே. உளவியலில் புள்ளிவிபரவியல் கட்டாயம். தமிழில் வாசிக்க யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் தயா சோமசுந்தரத்தின் 'மனவடு' கிடைத்தால் தேடி எடு. எல்லாவற்றையும் விட, கேட்டதை வெளியே விடாத வாய் வேண்டும். லயத்தில் ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம். பக்கத்துக் காம்பராவில் இருமினால் நமக்குக் கேட்கும். அங்கே பிறந்தவள் ரகசியம் காப்பது சுலபமில்லை. ஊர் உன்னை நம்புவதும் நம்பாததும் அதில்தான் இருக்கிறது.

நீ படித்து முடிப்பதற்குள் யாராவது மனசு உடைந்து உன்னிடம் பேச வந்தால் வைத்தியம் பார்க்காதே. கேட்டுக்கொள், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தைக் கொடு, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ.

இந்த வருடத்துப் பல்கலைக்கழக அனுமதிக் கைநூல் வெளிவந்ததும் ஒன்று எடு, தமிழிலும் இருக்கிறது. உளவியல் எந்தெந்தப் பல்கலைக்கழகத்தில் என்று கோடு போட்டு வை. விண்ணப்பத்தை நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து நிரப்புவோம்.

அன்புடன்,
சித்தப்பா