எதில் நூறு? ஒரு பழைய மின்சாரக் காரை வைத்து நடத்திய சதவீதப் பாடம்

பத்தாம் வகுப்பு அறிவியலில் கிலோவாட் மணி என்ற அலகு சில வரிகளில் வந்து போய்விடும். ஒரு கிலோவாட் மணி என்பது 36 லட்சம் ஜூல். வீட்டு மீட்டர் காட்டும் ஒரு யூனிட் அதுவே. மாணவர்கள் இதை மனப்பாடமாக எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். இதே அலகைக் கொண்டு ஒரு குடும்பம் தன் கடன் முடிவை எடுக்க முடியும் என்று காட்டும் வாய்ப்பு எங்கள் வகுப்புக்குக் கிடைத்தது.

கல்மண்டபத்தில் வாடகைக் கார் ஓட்டும் ஒருவரின் மகள் என்னிடம் படிக்கிறாள். டீசல் வண்டியை விற்றுவிட்டு, நான்கு ஆண்டு ஓடிய மின்சாரக் கார் ஒன்றைத் தவணையில் வாங்க அவள் அப்பா யோசித்துக்கொண்டிருந்தார். விற்பவர் சொன்னது: "ஒரு சார்ஜுக்கு 300 கிலோமீட்டர் போகும். பாருங்க, 100 சதவீதம் காட்டுது." ஐந்தாண்டுத் தவணை. வீட்டுச் செலவும் அவள் மேற்படிப்பும் அந்த ஒரு வண்டியின் ஓட்டத்தை நம்பித்தான். "நிஜமாவே அவ்ளோ போகுமா மிஸ்?" என்று அவள் கேட்டதை அப்படியே பாடமாக்கினோம். கணித ஆசிரியர் தம் பாடவேளை ஒன்றைக் கொடுத்து உதவினார்.

முதலில், விளம்பர எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தோம். எடுத்துக்காட்டுக்கு, 2020இல் சந்தைக்கு வந்த டாடா நெக்சான் மின்சாரக் காரின் பேட்டரி 30.2 கிலோவாட் மணி. சான்றளிக்கப்பட்ட தூரம் 312 கிலோமீட்டர். 30,200ஐ 312ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 97 வாட் மணி. இந்த வகுத்தலை மாணவர்களே செய்யட்டும். பிறகு, "எந்தச் சாலையில், எந்த வேகத்தில், ஏ.சி. போட்டா, போடாமலா?" என்று கேளுங்கள். சான்றுக்கான ஓட்டம் ஆய்வுக்கூடத்தில், உருளைகளின் மேல், வகுத்துவைத்த வேகங்களில், ஏ.சி. அணைத்த நிலையில் நடப்பது. எல்லா வண்டிகளையும் ஒரே தராசில் நிறுக்க அது தேவை. அது பொய்யான எண் அன்று. நம் தெருவின் எண்ணும் அன்று.

நம் தெருவில் என்ன நடக்கிறது? எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நேரத்தை மாணவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. டீசல் வண்டி நெரிசலில் நின்றால் எஞ்சின் எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கும். மின்சார மோட்டார் நின்றால் நின்றதுதான். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகிக் கொஞ்சம் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பியும் தரும். அதனால் நெடுஞ்சாலையைவிட ஊருக்குள் இது கூடுதல் தூரம் போகும். காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், 45இல் போகும் வண்டி 90இல் போனால் அந்தத் தடை நான்கு மடங்கு. ஆனால் நெரிசலிலும் ஏ.சி. நிற்பதில்லை. அது 1.5 கிலோவாட் இழுக்கிறது என்று கொண்டால், ஒரு மணி நேரம் வரிசையில் நின்றதற்கு ஒன்றரை யூனிட் போயிற்று. நகராமலே பத்து கிலோமீட்டர் தூரத்தை இழந்தோம். மே மாதத்தில் ஏ.சி. இல்லாமல் எந்தப் பயணி ஏறுவார்?

அந்த அப்பாவுக்குத் தெரிந்த ஓட்டுநர் ஒருவர் இதே அளவு வண்டி வைத்திருக்கிறார். ஒரு வாரம் குறித்துத் தந்தார். கிலோமீட்டருக்கு 140 முதல் 160 வாட் மணி வரை வந்தது. நாங்கள் 160ஐ எடுத்துக்கொண்டோம். பிழைப்புக் கணக்கில் சராசரியைவிட மோசமான நாளைப் பிடித்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

அடுத்ததுதான் பாடத்தின் கரு. திரையில் காட்டும் 100 சதவீதம், எதில் நூறு? வகுப்பில் இதற்கு விடை சொன்னவன் கடைசி பெஞ்சுக்காரன். "எங்க அண்ணன் பழைய போன்லயும் நூறுதான் மிஸ் காட்டும். மத்தியானத்துக்குள்ள செத்துடும்." இதற்குமேல் நான் விளக்க என்ன இருக்கிறது! லாரித் தண்ணீர் பிடிக்கும் குடத்தின் அடியில் கற்களைப் போட்டுவிட்டு விளிம்புவரை நிரப்பினாலும் குடம் நிறைந்துதான் தெரியும். இன்று பேட்டரியில் பிடிக்கக்கூடியதில் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பது ஒரு சதவீதம். புதிதாக இருந்தபோது பிடித்ததில் இன்று எவ்வளவு பிடிக்கும் என்பது இன்னொரு சதவீதம். முன்னதை நிறைவு என்றும் பின்னதை நலம் என்றும் கரும்பலகையில் எழுதினோம். விற்பவர் காட்டியது நிறைவை. வாங்குபவருக்கு வேண்டியது நலம்.

நலம் ஏன் குறைகிறது? லித்தியம் அயனிகள் சார்ஜ் ஏறும்போது கிராஃபைட் பக்கம் போய், வண்டி ஓடும்போது எதிர்ப்பக்கம் திரும்புகின்றன. கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகி, கொஞ்சம் கொஞ்சமாக லித்தியத்தைத் தன்னுள் பிடித்துவைத்துக்கொள்கிறது. பிடிபட்ட அயனி திரும்ப ஓடாது. வெப்பம் இந்த வினையை விரைவாக்கும். முழுக்க ஏற்றியபடியே நாள் கணக்கில் நிறுத்தி வைப்பதும் அப்படியே. வெயிலில் 100இல் நிற்கும் வண்டியைவிட நிழலில் 60இல் நிற்கும் வண்டிக்கு ஆயுள் கூடுதல்.

இங்கே சற்று விலகி ஒரு செய்தி சொன்னேன். லித்தியம் அயனி பேட்டரிக்காக 2019இல் குட்எனஃப், விட்டிங்காம், யோஷினோ மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. குட்எனஃபுக்கு அப்போது வயது 97. அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை ஆற்றியவர், அவருடன் பல ஆண்டுகள் ஆய்வு செய்த ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டின் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்தவர். வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாக இருந்தது.

இனி அளக்கும் முறை. பெரிய கருவி வேண்டாம். மின் மீட்டர் ஒன்று போதும். அந்த அப்பா ஒரு இரவு மட்டும் வண்டியைக் கேட்டு வாங்கினார். பேட்டரி 20 சதவீதத்துக்கு இறங்கியதும் 15 ஆம்பியர் பிளக்கில், இடையில் மீட்டர் வைத்து இணைத்து, 80 சதவீதம் வந்ததும் நிறுத்தினார். மீட்டரில் 17.6 யூனிட் ஓடியிருந்தது. ஏறக்குறைய ஆறு மணி நேரம். ஏற்றும்போது வெப்பமாகப் போவது பத்தில் ஒரு பங்கு என்று கழித்தால் உள்ளே போனது 15.84. இது 60 சதவீதம் என்றால் 100 சதவீதம் எவ்வளவு? ஏழாம் வகுப்புக் கணக்கு: 26.4 யூனிட். புதிதில் அந்தப் பேட்டரி 30. ஆக நலம் 88 சதவீதம். திரையின் சதவீதமும் ஒரு மதிப்பீடுதான், ஏற்ற இழப்பும் வண்டிக்கு வண்டி மாறும். ஆகவே இதில் ஒன்றிரண்டு சதவீதம் முன்பின் இருக்கும் என்பதையும் மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

கடைசிப் பத்து சதவீதத்தைத் தொடாமல் விட்டால் பயன்படுவது 23.76 யூனிட். 0.16ஆல் வகுத்தால் 148 கிலோமீட்டர். முந்நூறு, நூற்றைம்பதுக்கும் கீழே வந்துவிட்டது. எண்ணூர் போய்வர 30 கிலோமீட்டர் என்று வைத்தால், அவருடைய நான்கு நடைக்கு 120 வேண்டும். இன்றைக்குப் போதும். தவணை முடியும் நாளில்?

இந்த இடத்தில் கணித ஆசிரியர் இரண்டு கோடுகள் வரைந்தார். நான்கு ஆண்டில் 12 குறைந்தால் ஆண்டுக்கு 3 என்று நேர்க்கோட்டில் போனால், ஒன்பதாம் ஆண்டில் 27 குறைந்து நலம் 73. தூரம் 123 கிலோமீட்டர். ஆனால் அந்தப் படலம் தடிக்கத் தடிக்கத் தானே மேலும் வளர்வதைத் தடுப்பதால், இழப்பு பெரும்பாலும் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிப் போகும். நான்கின் மூலம் 2, இழப்பு 12; ஒன்பதின் மூலம் 3, இழப்பு 18. நலம் 82, தூரம் 138. வர்க்கமூலத்துக்கு இவ்வளவு பெரிய பணமதிப்பு உண்டென்று மாணவர்கள் அன்றுதான் கண்டார்கள். "நல்ல கோட்டையே வச்சுக்கலாம் மிஸ்" என்றார்கள். வேண்டாம் என்றேன். முதுமையில் சில செல்கள் திடீரென்று சரிவதும் உண்டு. கடன் வாங்குபவர் மோசமான கோட்டில் நின்றுதான் பார்க்க வேண்டும். அந்தக் கோட்டில் மிச்சம் 3 கிலோமீட்டர்.

அதற்கும் வகுப்பே வழி சொன்னது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் 3 கிலோவாட்டில் இரண்டு மணி நேரம் ஏற்றினால் மீட்டரில் 6, உள்ளே 5.4 யூனிட், 33 கிலோமீட்டர், அதாவது ஒரு நடை. தினம் 120 ஓட, மீட்டரில் 21 யூனிட்டுக்கு மேல் ஓடும் என்று இன்னொரு குழு கண்டது. இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தரும் 100 யூனிட் ஐந்தே நாளில் தீர்ந்துவிடும் என்றதும் ஒரே சிரிப்பு. தொழிலுக்கு ஏற்றுவதற்கு எந்த இணைப்பு என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்க வேண்டும் என்பதும் தாளில் ஏறியது. பல நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. அது இரண்டாம் கைக்கு மாறுமா, வாடகை ஓட்டத்துக்குச் செல்லுமா என்று எழுத்தில் கேட்கும்படியும் சேர்த்தோம்.

வாங்கு என்றோ வேண்டாம் என்றோ நாங்கள் சொல்லவில்லை. மகள் எழுதிய தாளுடன் அப்பா போனார். 88 என்ற எண்ணைக் காட்டி விலையைக் குறைத்துப் பேசி, மூன்று நடையை உறுதியாகவும் நான்காவதை மதிய ஏற்றத்தை நம்பியும் கணக்கிட்டு வண்டியை எடுத்தார். இப்போது மாதத்தில் ஒரு இரவு 20இலிருந்து 80 வரை ஏற்றி, மீட்டர் எண்ணை அவள் நோட்டில் குறிக்கிறாள். எந்தக் கோடு சரி என்று அந்த நோட்டுதான் காட்டும்.

கார் இல்லாத வகுப்பில் இதை நடத்த ஒரு பவர் பேங்க் போதும். 10,000 மில்லி ஆம்பியர் மணி என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் சொன்ன அளவு. பெருக்கினால் 37 வாட் மணி. வெளியே வருவது 5 வோல்ட். 37ஐ 5ஆல் வகுத்தால் 7,400. மாற்றத்தில் போகும் இழப்பு தனி. பின்பக்கத்தைத் திருப்பச் சொல்லுங்கள். பலவற்றில் சிறிய எழுத்தில் இன்னொரு எண் இருக்கும். அது முன்பக்க எண்ணில் எத்தனை சதவீதம் என்று மாணவர்கள் கண்டுபிடித்து, தம் வீட்டுப் பழைய போனை எத்தனை முறை ஏற்றுகிறது என்று ஒரு வாரம் குறித்து வரட்டும்.