மாரடைப்புச் சிகிச்சையும் சோதனை முறையின் வளர்ச்சியும்

ஒரு மருந்து நன்மருந்து என்பதை வைத்தியர் எங்ஙனம் அறிகின்றார்? இவ்வினா எளியதுபோலத் தோன்றும். 'நான் கொடுத்தேன், நோயாளி பிழைத்தார்' என்பது அதற்கு விடையாகாது. வைத்தியசாலையை அடைந்த மாரடைப்பு நோயாளருட் பெரும்பாலோர், இன்றைய மருந்துகள் தோன்றுமுன்னரும் பிழைத்தனர். ஒருவர் பிழைத்தது மருந்தினாலா, மருந்தையும் மீறியா என்பதைத் தனியொரு வைத்தியரின் அனுபவம் காட்டமாட்டாது. அதனைக் காட்டவல்ல சோதனை முறை வளர்ந்த வரலாற்றையும், அதில் நம்மவர்க்குள்ள பங்கினையும் இக்கட்டுரை சுருங்கக் கூறும்.

மாரடைப்பாவது, இருதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் முடியுரு நாடி அடைபடுவதால் அத்தசை நலிந்து இறத்தலாகும். 1912ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் ஜேம்ஸ் ஹெரிக் இந்நோயைத் தெளிவுற விளக்கினார். அதன்பின் பல்லாண்டுகளாக, நோயாளி ஆறு வாரமளவும் அசையாது படுக்கையிற் கிடத்தல் வேண்டும் என்பதே விதியாயிற்று. அவ்விதியை எவரும் சோதித்தாரல்லர்; பெரியோர் கூறினர், ஏனையோர் பின்பற்றினர். 1952இல் லெவைன், லவுண் என்னும் இருவர் 81 நோயாளரைச் சாய்வு நாற்காலியில் அமர்த்திப் பார்த்தனர். அஞ்சிய தீங்கு நேரவில்லை. ஆயினும் ஒப்புநோக்குதற்கு வேறொரு குழு அங்கு இருந்ததில்லை.

ஒப்புநோக்கும் முறைக்கு வழிகாட்டியது பிறிதொரு நோயாகும். 1948இல் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் காசநோய்க்கு ஸ்திரெப்ரோமைசின் என்னும் மருந்தைச் சோதித்தது. 107 நோயாளருள் யார் மருந்து பெறுவர், யார் பெறார் என்பதை வைத்தியரின் விருப்பம் முடிவு செய்யவில்லை. எழுமாற்று முறையே முடிவு செய்தது. நம்மூர்க் கோயில்களில் திருவுளச்சீட்டுப் போடுதல் போன்றது இது. வைத்தியர் தாமே தெரிந்தெடுப்பின், தம்மையறியாமலே வலிய நோயாளருக்குப் புதுமருந்தை வழங்கிவிடுதல் கூடும். சீட்டுக்கு அத்தகைய சார்பு இல்லை.

இம்முறை மாரடைப்புக்கும் வந்தது. குருதிக் கட்டியைக் கரைக்கும் ஸ்திரெப்ரோகைனேசு என்னும் மருந்து 1950களின் இறுதி முதற் பல சிறு சோதனைகளுக்கு உள்ளாயிற்று. சில நன்மை என்றன. சில பயனில்லை என்றன. காரணம் கணிதத்திலே உளது. நூற்றுக்குப் பதின்மூவர் இறக்கும் நோயில், மருந்து அத்தொகையைப் பத்தாகக் குறைக்கும் எனக் கொள்வோம். பக்கத்துக்கு நூறு பேரைக் கொண்ட சோதனையில் அம்மூவரின் வேறுபாடு தற்செயலாகவும் தோன்றலாம், தோன்றாமலும் போகலாம். பக்கத்துக்குப் பல்லாயிரவர் சேரின் ஐயம் நீங்கும்.

இவ்வுண்மையை வற்புறுத்தியோருள் ஒருவர் கேரளத்திற் பிறந்து, பெங்களூர்ப் புனித யோவான் மருத்துவக் கல்லூரியிற் பயின்று, ஒக்ஸ்போட் சென்ற சலீம் யூசுப் ஆவார். அவரும் கொலின்ஸ், பீற்றோ என்போரும் 1984இல் எழுதிய கட்டுரை, பெரியனவும் எளியனவுமான சோதனைகளே வேண்டுவன என வாதித்தது. 1986இல் இத்தாலியில் 11,000க்கு மேற்பட்டோரைக் கொண்ட சோதனை ஸ்திரெப்ரோகைனேசு உயிர்காக்கும் என நிறுவியது. 1988இல் வெளியான ஐசிஸ் இரண்டாஞ் சோதனையில் 417 வைத்தியசாலைகளைச் சேர்ந்த 17,187 நோயாளர் பங்குபற்றினர். ஐந்து வாரத்தில், இருமருந்தும் பெறாதாருள் இருதய, குருதிக்கலன் நோய்களால் இறந்தோர் நூற்றுக்கு 13.2, ஸ்திரெப்ரோகைனேசும் அஸ்பிரினும் ஒருங்கே பெற்றாருள் 8.0. ஆயிரவருக்கு 52 உயிர்கள் மீண்டன. அவ்விரண்டனுள் ஒன்று, சில சதத்துக்குக் கிடைக்கும் அஸ்பிரின்!

அவ்வறிக்கையில் நாம் சுவைத்தற்குரிய செய்தி ஒன்றுண்டு. நோயாளரை மேனாட்டுப் பிறந்தநாள் இராசிப்படி பிரித்துப் பார்த்தபோது, மிதுனத்தாருக்கும் துலாத்தாருக்கும் மட்டும் அஸ்பிரின் பயன்படவில்லை போலத் தோன்றிற்று! ஆசிரியர்கள் இதனைச் சோதிடம் கற்பிக்க எழுதினாரல்லர். பெருந்தொகையைச் சிறுசிறு கூறாக்கித் தேடின், இல்லாத வேற்றுமையும் உள்ளது போலத் தோன்றும் என எச்சரிக்கவே எழுதினர்.

இதனினும் துயரந் தருவது 1992இல் வெளிவந்த ஓர் ஆய்வு. ஸ்திரெப்ரோகைனேசுச் சோதனைகள் 33ஐயும் ஆண்டு முறையில் ஒன்றன்மேலொன்றாகக் கூட்டியபோது, 1973ஆம் ஆண்டிலேயே, 8 சோதனைகளும் 2,432 நோயாளரும் கொண்ட அளவிலேயே, மருந்தின் பயன் புலப்பட்டிருந்தமை தெரிந்தது. கூட்டிப் பார்ப்பார் இல்லாமையால் ஆண்டுகள் பல கழிந்தன. அவ்வாண்டுகளில் இழந்த உயிர்களை யார் எண்ணவல்லார்?

மாறாக, ஊகத்தை நம்பியமையால் விளைந்த கேடும் உண்டு. மாரடைப்பின் பின் தோன்றும் முறைபிறழ்ந்த துடிப்புகள் மரணத்துக்கு அறிகுறி என்பர். ஆகவே துடிப்பை அடக்கின் மரணமும் அடங்கும் என எண்ணினர். என்கைனைட், பிளெகைனைட் என்பன துடிப்பை நன்கு அடக்கின. ஆயின் 1989இல் இடைநிறுத்தப்பட்ட சோதனையில், அம்மருந்துகள் பெற்ற 755 பேருள் 63 பேர் இறந்தனர். போலி மாத்திரை பெற்ற 743 பேருள் இறந்தோர் 26 பேரே. அறிகுறியைத் திருத்துதல் வேறு, உயிரைக் காத்தல் வேறு என்பது அன்று தெளிவாயிற்று.

இந்நூற்றாண்டில் பழைய வழக்கங்களும் சோதனைக்கு உட்பட்டன. மாரடைப்பு வந்தாரெல்லார்க்கும் ஒட்சிசன் கொடுத்தல் நெடுநாள் வழக்கம். சுவீடன் நாட்டார் தம் தேசிய நோயாளர் பதிவேட்டையே சோதனைக்களமாக்கி, குருதியில் ஒட்சிசன் குறையாத 6,629 பேரை ஆராய்ந்தனர். ஓராண்டில் இறந்தோர், ஒட்சிசன் பெற்றாருள் நூற்றுக்கு 5.0, பெறாதாருள் 5.1. அத்தகையோர்க்கு அதனால் ஆதாயமில்லை என 2017இல் அறிந்தோம்.

இனி நம்மவர் நிலை யாது? யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடைபெற்று 2004இல் வெளியான ஆய்வில் இலங்கையும் பங்குபற்றியது. அதன் தரவுகளின்படி, தென்னாசியரின் முதல் மாரடைப்புக்குரிய சராசரி வயது 53. ஏனைய நாட்டாருக்கு 58.8. உழைத்துக் குடும்பந் தாங்கும் பருவத்திலேயே நோய் நம்மைப் பற்றுகின்றது. எனவே பிறநாட்டு முடிவுகளைக் கடன்வாங்குதல் மட்டும் போதாது. தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை, சிறு வைத்தியசாலைகளைப் பெரிய இருதய நிலையங்களோடு இணைத்து 2,420 நோயாளரை ஆராய்ந்தனர். இணைப்புக்குப் பின் ஓராண்டு மரணம் நூற்றுக்கு 17.6இலிருந்து 14.2ஆகக் குறைந்தது. இது முன்பின் ஒப்பீடேயன்றி எழுமாற்றுச் சோதனையன்று, எனினும் வழிகாட்டத்தக்கது. நம் நாட்டிலே 11 வைத்தியசாலைக் கிளினிக்குகளில், மாரடைப்புக்கு ஏதுவாகிய உயர்குருதியமுக்கத்துக்கு மூன்று மருந்துகளைச் சிற்றளவில் ஒரே மாத்திரையாக்கி 700 பேரிடம் சோதித்தனர். ஆறு மாதத்தில் இலக்கை எய்தியோர் நூற்றுக்கு 70. வழக்கமான சிகிச்சையில் 55. 2018இல் வெளியான இம்முடிவை உலகம் நம்மிடமிருந்து கற்றது. இலங்கை மருத்துவச் சங்கம் 2006இல் நிறுவிய பதிவகம், சோதனைகள் மறைவின்றி நடைபெற உதவுகின்றது.

அன்பர்களே! நெஞ்சு நோ வந்தவிடத்து 'வாயு' என்று கூறி ஓமத்தண்ணீர் அருந்திக் காத்திருக்கும் வழக்கம் வெள்ளவத்தையிலும் உண்டு, கொட்டாஞ்சேனையிலும் உண்டு. இத்துணைச் சோதனைகள் கண்ட மருந்து எதுவும், காலந்தாழ்த்தி வருவார்க்கு முழுப்பயன் தராது. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் கட்டணமின்றி நோயாளர் வண்டி வரும். சோதனையொன்றிற் பங்குபற்றுமாறு வைத்தியர் கேட்பின், அஞ்சி மறுக்கவும் வேண்டா. ஆராயாது ஒப்பமிடவும் வேண்டா. நன்மை தீமைகளைக் கேட்டறிந்து முடிவு செய்க. மாணவர்காள்! எழுமாற்றும் நிகழ்தகவும் பரீட்சைக்கு மட்டும் உரியன அல்ல. அவை உயிர் காக்கும் கணக்குகள்.