எடை கூட வேண்டும், சர்க்கரை கூடக் கூடாது

பத்தாம் வகுப்பில் ஹார்மோன்கள் பாடத்தைத் தொடங்கும்போது, "நீரிழிவு யாருக்கு வரும்?" என்று கேட்பது என் வழக்கம். "வயசானவங்களுக்கு, குண்டா இருக்கிறவங்களுக்கு" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. எங்கள் பள்ளியில் முதல் வகை நீரிழிவுடன் படிக்கும் மாணவி ஒருத்தியின் நிலை இதற்கு நேர்மாறானது. வயதுக்கேற்ற எடை இல்லாத அவளுக்கு எடை கூட வேண்டும். அதே சமயம் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும். இதற்காக நான் படித்தறிந்ததையும் வகுப்பில் செய்ததையும் ஆசிரியர்களோடு பகிர விரும்புகிறேன்.

ஏன் மெலிகிறார்கள்?

முதல் வகை நீரிழிவில், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே அழித்துவிடுகிறது. இன்சுலின் இல்லாமல் தசைகளும் கொழுப்புத் திசுக்களும் இரத்தத்தில் உள்ள குளுக்கோஸைச் சரிவரப் பயன்படுத்த முடியாது. எனவே உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்து ஆற்றல் பெறுகிறது. இரத்தச் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் குளுக்கோஸ் சிறுநீரில் வெளியேறவும் தொடங்கும்.

இதை வகுப்பில் ஒரு கணக்காகக் கொடுத்தேன். ஒரு கிராம் குளுக்கோஸ் 4 கிலோ கலோரி தரும். ஒரு நாளில் 80 கிராம் சிறுநீரில் போனால் இழப்பு எவ்வளவு? 320 கிலோ கலோரி. ஏறத்தாழ ஐந்து இட்லியின் ஆற்றல். "நல்லாத்தான் சாப்பிடுறா, உடம்புல ஒட்டலையே" என்று பெற்றோர் வருந்துவதன் காரணம் மாணவர்களுக்கு அப்போது விளங்கியது.

வரலாறும் இதையே சொல்கிறது. 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் இன்சுலின் செலுத்தப்பட்டபோது அவன் எடை சுமார் 30 கிலோதான். அதற்கு முன் உணவை மிகக் குறைத்துப் பட்டினி போடுவதே சிகிச்சையாக இருந்தது. இன்சுலின் கிடைத்த பிறகு அவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

எனவே எடை கூட முதல் தேவை, மருத்துவர் சொன்ன அளவில் தவறாத இன்சுலின். உணவு அதற்கு அடுத்ததே.

எதைச் சாப்பிடலாம்?

"இனிப்பு கொடுத்தா சதை போடுமா டீச்சர்?" என்று மாணவியின் தாயார் கேட்டார். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. 30 கிராம் சர்க்கரை 120 கிலோ கலோரி தரும். முழுவதும் மாவுச்சத்து வகையே. 30 கிராம் வேர்க்கடலை சுமார் 170 கிலோ கலோரி தரும். 7 கிராமுக்கு மேல் புரதமும் உண்டு. சர்க்கரையை மெதுவாகவே ஏற்றும். சத்துணவில் தரப்படும் முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. சுண்டல், பயறு, பால், தயிர், மீன் ஆகியவையும் நல்லவை. சோற்றைக் கூட்டினால் இன்சுலின் அளவும் மாற வேண்டியிருக்கும். அதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

பள்ளியில் நாம் செய்ய வேண்டியவை

• மதிய உணவுக்கு முன் ஊசி போட்டுக்கொள்ள மறைவான, தூய்மையான இடம் தருவோம். கூச்சத்தால் ஊசியைத் தவிர்க்கும் பிள்ளை எடையை மட்டுமல்ல, உயிரையே இழக்க நேரிடலாம்.

• இடைவேளைச் சிற்றுண்டி, தண்ணீர், கழிவறை ஆகியவற்றுக்குத் தடை வேண்டாம்.

• விளையாட்டு வேண்டும். தசை வளர அது உதவும். ஆனால் விளையாடும்போது சர்க்கரை குறையலாம் என்பதை உடற்கல்வி ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டும்.

• நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, குழப்பம் தெரிந்தால் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியிருக்கலாம். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். இது மருந்து; இங்கே இனிப்புக்குத் தடை இல்லை. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழைக்க வேண்டும்.

• வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, மூச்சில் பழவாடை இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

• "ஒல்லிக்குச்சி" போன்ற கேலிக்கு வகுப்பில் இடம் தரக் கூடாது. இந்நோய் இனிப்பு தின்றதால் வந்ததல்ல, தொற்றுவதும் அல்ல என்பதை யாரையும் சுட்டாமல் பாடத்தோடு சேர்த்துச் சொல்லலாம்.

பெற்றோரின் ஒப்புதலோடு, மாதம் ஒருமுறை தனியாக எடை பார்த்துக் குறித்து வருகிறோம். மருத்துவரிடம் போகும்போது தாயார் அந்தக் குறிப்பை எடுத்துச் செல்கிறார். எடை ஏறாவிட்டால் கூடுதல் உணவு மட்டும் போதாது. இன்சுலின் அளவையும் பார்க்க வேண்டும் என்பதற்கு அது அடையாளம்.

இன்னொன்றும் நம் கண்ணில் பட வேண்டும். நோய் கண்டறியப்படாத பிள்ளைகளும் நம் வகுப்பில் இருக்கலாம். நன்றாகச் சாப்பிட்டும் மெலிகிற, அடிக்கடி தண்ணீர் குடிக்கிற, அடிக்கடி சிறுநீர் கழிக்க அனுமதி கேட்கிற, சோர்ந்து தூங்குகிற பிள்ளையைக் கண்டால், அன்றே பெற்றோரிடம் சொல்லி இரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் செய்யுங்கள்.