கேட்ட பின் அறுப்போம், கணக்கிட்டு விதைப்போம்

திருவள்ளூர், செங்கற்பட்டு மாவட்டக் கீரைப் பாத்திகளுக்கும் சென்னை ஆழ்வார்பேட்டை அடுக்குமாடி வீடுகளுக்கும் இடையே சில மணி நேரப் பயணமே உள்ளது. ஆனால் கீரை காத்திருக்காது. காலையில் விலை போகாத கட்டு, மாலையில் மாட்டுக்குத்தான் ஆகும். இவ்வீடுகளுக்கு நேரடியாகக் கீரை விற்க முனையும் சிறு உழவர்கள், அதற்கெனத் தனிச் செயலியை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கையிலுள்ள கைப்பேசியை ஓர் ஒழுங்குடன் பயன்படுத்தினாலே போதும்.

செய்முறை

1. ஆர்டர்: வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர்களைப் பிராட்காஸ்ட் பட்டியலில் சேர்க்கவும். உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்தவர்களுக்கே இச்செய்தி போய்ச் சேரும். எனவே முதல் விற்பனையின்போதே எண்ணைப் பதியச் சொல்லுங்கள். வியாழக்கிழமை கீரை வகையையும் விலையையும் அறிவித்து, வெள்ளி மாலை 5 மணியுடன் ஆர்டரை முடிக்கவும். விலை வைக்குமுன் உழவன் செயலியில் சந்தை விலையையும் வானிலையையும் பார்ப்பது நலம்.

2. அறுவடை: சனிக்கிழமை விடியலில் கேட்ட அளவே அறுத்து, வேர் மண்ணைக் கழுவி, ஈரச் சாக்கு போர்த்தி அனுப்பவும்.

3. பணம்: யூபிஐ வழியாக அன்றன்றே பெறவும். யார், எவ்வளவு கொடுத்தார் என்ற பதிவு தானே கிடைக்கும்.

4. பதிவேடு: கூகுள் ஷீட்ஸில் நாள், அறுத்தது, விற்றது, மீந்தது என 4 பத்திகள் போதும். நோட்டுப் புத்தகத்திலும் எழுதலாம். வாரந்தோறும் விடாமல் எழுதுவதே முக்கியம்.

5. விதைப்பு: நான்கு வாரப் பதிவின் சராசரியைக் கொண்டு விதைப்பு அளவை முடிவு செய்யவும். சிறுகீரை சுமார் 25 நாளில் அறுவடைக்கு வரும். நிலத்தை 4 பாத்திகளாகப் பிரித்து வாரம் ஒன்றாக விதைத்தால், 28 நாள் சுழற்சியில் வாரந்தோறும் ஒரு பாத்தி அறுவடைக்கு வரும். மறு விதைப்புக்கு நிலம் தயாரிக்க 3 நாளும் கிடைக்கும். விதையளவு எக்டருக்கு 2.5 கிலோ, அதாவது சென்ட்டுக்கு ஏறத்தாழ 10 கிராம். மணலுடன் கலந்து தூவினால் சீராக விழும்.

கணக்கு என்ன சொல்கிறது?

இஃது ஓர் எடுத்துக்காட்டே. உங்கள் எண்களை இட்டுப் பார்க்கவும். ஒரு கட்டுக்குச் சாகுபடிச் செலவு ரூ.5, அறுத்துக் கட்டும் கூலி ரூ.3, வண்டி வாடகை மொத்தம் ரூ.400 என்க. விலை கட்டு ரூ.20.

200 கட்டு அறுத்து 160 மட்டும் விற்றால்: வரவு ரூ.3,200, செலவு ரூ.2,000, மிச்சம் ரூ.1,200.

ஆர்டர் பெற்று 160 மட்டும் அறுத்தால்: செலவு ரூ.1,880, மிச்சம் ரூ.1,320. இங்கே கூலி மட்டுமே மிஞ்சுகிறது. விளைந்த கீரைக்கான செலவு போனது போனதுதான்.

விதைப்பையும் 160 கட்டுக்கே அளந்தால்: செலவு ரூ.1,680, மிச்சம் ரூ.1,520.

விலையை ஒரு காசும் உயர்த்தாமல் வாரத்திற்கு ரூ.320 கூடுகிறது. இதில் பெரும்பங்கு, அதாவது ரூ.200, விதைப்பைத் திருத்தியதால் வந்தது. ஆர்டர் வாங்குவதோடு நின்றுவிடாமல், பதிவேட்டைப் பார்த்து விதைப்பவருக்கே இப்பலன் கிட்டும்.

நினைவிற் கொள்க

மழை, பூச்சி ஆகியவற்றால் ஏற்படும் இழப்பை ஈடுகட்டத் தேவைக்கு மேல் பத்தில் ஒரு பங்கு விதைக்கலாம். அது மீந்தால் அருகிலுள்ள உழவர் சந்தையில் விற்கலாம். புதுச் செயலி வாங்குவதா என்பதைப் பதிவேடு ஆறு மாதம் தவறாமல் நடந்த பின் எண்ணிப் பார்க்கலாம். இம்முறையை முதலில் ஒரு பாத்தியில் தொடங்கி, பலன் கண்டு விரிவாக்கிப் பயனடைய வேண்டுகிறோம்.