அடிக்கும் காதலி

கேள்வி: காதலனைக் காதலி அடிப்பது சினிமா காமெடியில்தானே? நிஜத்திலும் நடக்கிறதா?

பதில்: நடக்கிறது, சிரிக்க முடியாத அளவுக்கு. இங்கிலாந்தின் பெட்ஃபோர்டுஷையரைச் சேர்ந்த ஜோர்டன் வொர்த், அலெக்ஸ் ஸ்கீல் இருவரும் பதினாறு வயதில் காதலிக்கத் தொடங்கியவர்கள். முதலில் ஜோர்டன், அலெக்ஸைக் குடும்பத்திடமிருந்தும் நண்பர்களிடமிருந்தும் பிரித்தாள். பிறகு சுத்தியல், கத்தி, கொதிக்கும் வெந்நீர். போலீஸ் வந்து கேட்டபோதும், காயங்களுக்கு அவளைக் காட்டிக்கொடுக்காமல் வேறு காரணம்தான் சொன்னான் அலெக்ஸ். இப்படிப் பொய் சொல்லிக் காப்பாற்றுவது, அடி வாங்கும் மனைவியரிடம் நாம் பார்த்துப் பழகியதுதான்.

2018-இல் லூட்டன் நீதிமன்றம் 22 வயது ஜோர்டனுக்கு ஏழரை ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. துணையை அடக்கி ஆள்வதைக் குற்றமாக்கிய சட்டத்தில் அந்நாட்டில் தண்டனை பெற்ற முதல் பெண் அவள்.

இதை வைத்து, ‘ஆணும் பெண்ணும் ஒன்றுதான்’ என்று கிளம்பிவிட வேண்டாம். 2000-இல் உளவியலாளர் ஜான் ஆர்ச்சர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். துணைமீது கையோங்குவதில் பெண்கள் இம்மியளவு முந்தியிருந்தார்கள். ஆனால் காயம்பட்டவர்களில் 62 சதவீதம் பெண்களே.

அடிபடும் ஆண்கள் ஏன் வாய் திறப்பதில்லை? ‘பொம்பளைகிட்ட அடி வாங்கினியா?’ என்று முதலில் கேட்கப்போவது அவர்களுடைய நண்பர்கள்தான்.