மசகுப் பொருள்களும் அன்றாட வாழ்வும்



ஒரு கிறிஸ்துமஸ் நெருங்கிய வேளையில் எங்கள் வீட்டுத் தையல் இயந்திரம் நின்றுவிட்டது. அம்மா பெறும் தையல் கூலியில்தான் எங்கள் பள்ளிக் கட்டணம். அக்கம்பக்கத்தார் கொடுத்த துணிகளோ குவிந்து கிடந்தன. பழுது பார்க்க வந்தவர், "தேங்காய் எண்ணெய் விட்டீர்களா, அக்கா?" என்று கேட்டார். விட்டவள் நான்தான்!

மசகுப் பொருள் என்றால் என்ன என்று அன்றுதான் அறிய விரும்பினேன்.

வழவழப்பாகத் தோன்றும் இரும்பும் நுண்நோக்கியில் மேடு பள்ளமாகவே தெரியும். இரு பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று நகரும்போது இம்மேடுகள் முட்டிக்கொள்கின்றன. இதனால் உராய்வு ஏற்படுகிறது. வெப்பம் உண்டாகிறது, உறுப்புகள் தேய்கின்றன, ஆற்றல் வீணாகிறது. இடையில் மெல்லிய படலமாக நின்று உராய்வைக் குறைப்பதே மசகுப் பொருள்.

நம் முன்னோர் விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து, வண்டி மையாக அச்சில் தடவினர். பண்டைய எகிப்தியக் கல்லறை ஓவியம் ஒன்றில், பெருஞ்சிலை ஏற்றிய சறுக்குவண்டியின் முன்னே ஒருவர் நீர் ஊற்றுகிறார். மணலை அளவாக நனைத்தால் இழுக்கும் விசை ஏறத்தாழ பாதியாகக் குறையும் என்று 2014இல் ஆம்ஸ்டர்டாம் விஞ்ஞானிகள் சோதித்துக் காட்டினர்.

மசகுப் பொருள்கள் பலவகை:

1. மெல்லிய எண்ணெய்: தையல் இயந்திரத்திற்கும் கதவுக் கீலுக்கும் உரியது.

2. என்ஜின் ஆயில்: தேய்மானத்தைத் தடுப்பதோடு வெப்பத்தையும் அழுக்கையும் அகற்றுகிறது.

3. கிரீஸ்: எண்ணெயுடன் ஒருவகைச் சோப்பைச் சேர்த்துக் கெட்டியாக்கியது. வழிந்தோடாமல் சைக்கிள் அச்சில் தங்கி நிற்கும்.

4. கிராஃபைட்: பென்சிலில் உள்ள கரி. இறுகிய பூட்டில் இதன் தூளைத் தூவினால் சாவி எளிதில் திரும்பும்.

நம் முழங்கால் மூட்டிலும் வழவழப்பான திரவம் ஒன்று சுரக்கிறது.

ஆனால், உராய்வு முற்றிலும் பகையன்று. உராய்வின்றி நடக்கவும் இயலாது. சைக்கிளுக்கு எண்ணெய் விடும்போது பிரேக் கட்டையிலோ சக்கர விளிம்பிலோ ஒரு துளியும் படக்கூடாது. பட்டால் பிரேக் பிடிக்காது, உயிருக்கே ஆபத்து.

எங்கள் இயந்திரத்திற்கு என்ன நேர்ந்தது? தேங்காய் எண்ணெய் சுமார் 25 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழிக் குளிரில் அது உறைந்து, பஞ்சுத் தூசியுடன் சேர்ந்து பிசுக்காகிவிட்டது. வந்தவர் மண்ணெண்ணெயால் துடைத்து, உரிய எண்ணெயைச் சில துளிகளே விட்டார். சக்கரம் சுழன்றது, துணிகளும் திருவிழாவுக்குள் முடிந்தன.

தோழியரே, உரிய எண்ணெயை, உரிய இடத்தில், உரிய அளவில் விடுவோம். பிறர் உழைக்கும் கருவியைக் கேட்டறிந்த பின்னரே தொடுவோம்.